அப்பாவுக்குத் தொப்பை விழுந்த மாதம்

தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்பிலிருந்து வரும் சூட்டுக்குழாய்களுக்கு அஸ்பெஸ்டஸ் கயிறு சுற்றுவது அப்பாவின் வேலை. தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு வீட்டுக்கு வருவார். அம்மா அதைத் தட்டிவிட்டுத்தான் தேத்தண்ணி கொடுப்பாள். ஓய்வுபெற்று வெகுகாலம் கழித்து, இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில், நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்கு ஏறும் படிகளில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

கண்டி ஆஸ்பத்திரியில் வலப்பக்க விலாவில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வில் புற்றுநோய் என்றார்கள், மீசோதெலியோமா என்று பெயரும் சொன்னார்கள். உள்ளே போன தூசி இத்தனை காலம் பொறுமையாக உட்கார்ந்திருந்திருக்கிறது. அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். முற்றிவிட்டது, வெட்டி எடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

"மருந்து குடுத்திருக்காங்கல்ல, தேறிருவாரு" என்றாள் அம்மா.

நோய் லயத்துச் சுவரில் ஈரம் பரவுவதுபோல மெதுவாக நகர்ந்தது. ஊசி போன தடத்திலேயே ஒரு கட்டி எழும்பியது. பிறகு விலா எலும்புகளில் வலி. அதன்பின் கழுத்தோரம் நெறி கட்டியது. தோளும் கையும் வற்றிப்போயின.

அப்புறம் அப்பாவுக்குத் தொப்பை விழுந்தது. அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. நெத்தலிக் கருவாடும் சோறுமாக வேளை தவறாமல் ஆக்கிப் போட்டாள். சாரம் இடுப்பில் நிற்கவில்லை.

"என்னங்கண்ணே, தோட்டத்துத் தொர மாதிரி வயிறு வச்சிருக்கீங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்தார். அப்பாவும் சிரித்தார். நானும் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்த லட்சணம் அது.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டொக்டர் அப்பாவின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். அம்மா முந்திக்கொண்டாள்.

"நல்லா சாப்புடுறாருங்க டொக்டர். ஒடம்பு வச்சிருச்சு."

"இது சதையில்லை அம்மா, தண்ணி" என்றார் அவர் தணிந்த குரலில். "நெஞ்சில இருந்த நோய் வயித்துக்கும் இறங்கியிட்டுது. இனி சுகப்படுத்த ஏலாது. நோகாமப் பாத்துக்கொள்ளலாம்."

அம்மா அப்பாவின் வயிற்றைப் பார்த்தாள்.

"அப்ப நான் ஆக்கிப் போட்ட சோறெல்லாம் எங்கங்க போச்சு?"

அப்பாதான், சட்டையை இழுத்து விட்டுக்கொண்டே சொன்னார்.

"பஸ்ஸவிட்டு எறங்கி இது வரைக்கும் நடந்து வந்தேன்ல. அது ஒன் சோறுதான்."

அம்மா அப்போதுதான் அழுதாள். நானும்.