தண்ணி வாத்தியார் குடித்ததில்லை

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுதப்போகிறேன். என் அண்ணன் குடித்ததில்லை. ஒரு நாளும் இல்லை. கல்லீரல் கெட்டுத்தான் இறந்தார். அது கிருமியால் வந்த காமாலை முற்றியதால். உங்களில் பாதிப் பேர் வேறு மாதிரி பேசிக்கொண்டுதான் சாவு வீட்டிலிருந்து பஸ் ஏறினீர்கள். தங்கையாகிய என் காதிலேயே விழுந்தது.

அண்ணன் பிறந்தது திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் எங்கள் ஊரில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நட்டும் அறுத்தும் எங்களை வளர்த்தார்கள். அண்ணன் அரசு விடுதியில் தங்கிப் படித்து, பொறியியல் கல்லூரிக்குப் போய், முனைவர் பட்டம் வாங்கி, தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பேராசிரியர் ஆனார். ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். கல்லூரியில் முதல் வருடம் ஆங்கிலம் புரியாமல் பாடங்களில் தோற்று, படிப்பை விட்டுவிடலாமா என்று நினைத்ததை அவர் வீட்டில் என்னிடம் மட்டும்தான் சொன்னார்.

அவருடைய துறைக்குக் கணினிவழிப் பாய்ம இயக்கவியல் என்று பெயர். எனக்கு வாயில் நுழையாது. அண்ணன் எனக்குச் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். ஆற்றிலோ குழாயிலோ போகும் தண்ணீரை, வரப்புப் போட்டு வயலைப் பிரிப்பதுபோல, கணினிக்குள் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு எவ்வளவு போகிறது, என்ன வேகத்தில் போகிறது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட வேண்டும். மதகின் சட்ரஸைத் திறந்ததும் தண்ணீர் கீழே சுழன்று ஆற்றுத் தரையை எப்படிப் பறிக்கிறது என்பதுதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு.

கல்லூரியில் அதற்கு ஏற்ற கணினி கிடையாது. கழித்துப்போட்ட கணினிகளை ஒன்றாகக் கோத்து அண்ணனும் மாணவர்களும் ஓட்டினார்கள். ஒருமுறை நான் போயிருந்தபோது ஒரு மாணவர் திரையில் சிவப்பும் நீலமுமாக ஒரு படம் காட்டினார்.

“அழகா இருக்குல்ல?” என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

“ஆமாண்ணே.”

“அவ்வளவும் தப்பு. தண்ணி மேட்டுல ஏறுது பாரு.” பிறகு அந்த மாணவரிடம், “தம்பி, கலரா இருந்தா உண்மையாயிடாது. நாளைக்கு வாய்க்கால்ல எறங்கி அளந்து பாப்போம்” என்றார்.

சொன்னபடி மறுநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் இறங்கினார். அளந்து பார்க்காத எதையும் அவர் கட்டுரையில் எழுத மாட்டார். அதனால் கட்டுரைகள் குறைவு. கட்டுரைகளை எண்ணிப் பதவி கொடுக்கும் இடத்தில் அது அவருக்குக் கெடுதலாகப் போனது. அளக்காமல் எதையும் நம்பாத அந்த மனிதரைப் பற்றி ஊர் சொன்னதை மட்டும் யாரும் அளந்து பார்க்கவில்லை.

ஊர் என்ன சொன்னது என்பதற்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்தபின் வந்த முதல் பொங்கல். வாசலில் உறவினர் கூடியிருந்தார்கள். நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, கேட்டார்.

“மாப்ள, காலேஜ்ல என்ன பாடம் எடுக்கிற?”

“தண்ணி எப்படி ஓடுதுங்கிறது மாமா.”

“அதுக்கு எதுக்குய்யா அம்புட்டுப் படிப்பு? என்னைக் கேட்டா சொல்லமாட்டேனா?”

“நாங்க கம்ப்யூட்டர்ல ஓட விடுவோம் மாமா.”

“கம்ப்யூட்டர்ல தண்ணியா? அப்ப நீ தண்ணி வாத்தியாருன்னு சொல்லு.”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அதோடு போயிருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. பெயர் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நாளில் அந்தப் பாடம் எல்லோருக்கும் மறந்துபோய், பெயர் மட்டும் நின்றது.

கும்பகோணத்தில் ஒரு பெண் பேசி முடிகிற நிலையில் இருந்தது. அவர்கள் வீட்டார் விசாரிக்க வந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கிப் பேராசிரியர் வீடு எது என்று கேட்டார்கள். “யாரு, தண்ணி வாத்தியாரா? நேரா போங்க” என்று யாரோ வழி காட்டியிருக்கிறார்கள். அவர்கள் நேராகப் போகவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள். பையனுக்குப் பழக்கம் சரியில்லை என்று தரகர் வந்து சொன்னபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரியும். அம்மா மாமாவைப் பிடித்துச் சண்டை போட்டார். “வெளாட்டுக்குச் சொன்னதுதான்க்கா, இதுக்குப் போயி சண்டையா” என்றார் மாமா.

பிறகு வந்த அண்ணி கூத்தாநல்லூரில் பள்ளி ஆசிரியை. அவரும் கேள்விப்பட்டிருந்தார். நேராக அண்ணனையே கேட்டார்.

“குடிப்பீங்களா?”

“இல்லைங்க.”

“சரிங்க.”

உண்மையைத் தெரிந்துகொள்ள அவ்வளவு நேரம்தான் ஆகும். மற்ற ஒருவருக்கும் அந்த நேரம் இல்லாமல் போனது.

துறைத் தலைவர் பதவி அண்ணனுக்கு வரவேண்டிய முறை வந்தபோது, நிர்வாகத்தில் ஒருவர், “உங்க ஊர்ப் பக்கம் வேற மாதிரி சொல்றாங்களே சார்” என்று கேட்டிருக்கிறார். அது பட்டப்பெயர் என்று அண்ணன் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். பதவி அவருக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போனது. அதுதான் காரணமா என்று கேட்டேன். “இருக்காதும்மா” என்றார். இருக்கும் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன். எங்களைப் போன்ற கூலிக்காரக் குடும்பத்திலிருந்து படித்து வந்தவன் குடிக்கிறான் என்றால் யாரும் சாட்சி கேட்பதில்லை. அவர் சிரிக்காமல் ஒரு தடவையாவது சத்தம் போட்டு மறுத்திருக்க வேண்டும். அந்தக் கோபம் எனக்கு அண்ணன் மேலும் உண்டு.

படுக்கையில் விழுந்த பிறகும் அது விடவில்லை. மருத்துவர் வந்ததும் எடுத்த எடுப்பில், “எத்தனை வருஷமா சார்?” என்றார். அண்ணன் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அண்ணிதான் பதில் சொன்னார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபின் அந்த மருத்துவர் வருத்தம் தெரிவித்தார். ஆனால் பரிசோதனை முடிவு ஊருக்குள் போய் யாரிடமும் பேசாது. கடைசி வாரத்திலும் ஒரு மாணவியின் ஆய்வேட்டைத் தலைமாட்டில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். அதை முடிக்காமலே போய்விட்டார்.

பதினாறாம் நாள் படையலில் அண்ணனுக்குப் பிடித்ததெல்லாம் இலையில் வைத்தோம். அதிரசம், இறால் வறுவல், எல்லாம். நான் அடுப்படிக்குப் போய் வருவதற்குள் இலையோரத்தில் ஒரு குவார்ட்டர் பாட்டில் நின்றது.

“யாரு வச்சது?”

“நான்தான் பாப்பா” என்றார் சின்ன மாமா. “ஆசப்பட்டத வைக்கணும்ல. அவன் மனசு குளிரணும்.”

“அண்ணன் குடிச்சுப் பாத்திருக்கீங்களா மாமா?”

“நான் பாக்கல. ஊரே சொல்லுதே.”

“ஊருக்குச் சொன்னது யாரு? பொங்கலன்னிக்கு வாசல்ல வச்சு நீங்கதானே பேரு வச்சீங்க?”

“நானா?” என்றார். நடிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே மறந்துபோயிருந்தது. தான் சொன்ன கேலியையே ஊர் திருப்பிச் சொல்லக் கேட்டுக் கேட்டு நம்பிவிட்டார். அழுதுகொண்டு, ஆசையாகப் போய் வாங்கி வந்திருக்கிறார். நான் பாட்டிலை எடுத்துக் கொல்லையில் ஊற்றினேன். படையலில் கைவைத்துவிட்டேன் என்று அன்றைக்கும் என்னைத்தான் திட்டினார்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற மாணவர்களுக்கும், பாதியில் நின்ற ஆய்வேட்டைத் தன் பொறுப்பில் எடுத்து முடித்துக் கொடுத்த அண்ணனின் பழைய மாணவருக்கும், எதையும் விசாரிக்காமல் தோள் கொடுத்த பக்கத்துத் தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் கடைசி வரை உட்கார்ந்திருந்தவர் சின்ன மாமா. அவருக்கும் நன்றி. அதை மறைக்க மாட்டேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அவரிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். குனிந்த தலை நிமிராமல் கேட்டார்.

“எழுதுனதெல்லாம் நெசந்தான் பாப்பா. ஆனா எம்பேர மட்டும் போட்டுடாத. ஊருல தலகாட்ட முடியாது.”

அண்ணனாக இருந்தால் சிரித்துவிட்டு இது முழுவதையும் கிழித்துப் போட்டிருப்பார். நான் பெயரை மட்டும் எடுத்துவிட்டேன்.