பறந்துபோன ஹைட்ரஜன்

எங்கள் செக்ஷனுக்குப் பிக்ளிங் என்று பெயர். கும்மிடிப்பூண்டியில் அந்த வேலைக்குப் போகிறேன் என்றதும், எளாவூரில் பக்கத்து வீட்டு அக்கா மாங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கேட்டார். நாங்கள் ஊறவைப்பது மாங்காய் இல்லை, இரும்புக் குழாய். துத்தநாகப் பூச்சு கொடுப்பதற்கு முன்னால் துரு போவதற்காக ஹைட்ரோகுளோரிக் ஆசிட் தொட்டியில் இறக்குவோம். ஒன்பது வருடம் அந்தத் தொட்டி ஓரம் நின்றேன். மாஸ்க் போட்டும் தொண்டை புண்ணாகி, இனிமேல் அங்கே நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து லேபில் ஓர் உதவியாளர் இடம் காலியானது. பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி படித்தவள் நான். எனக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும் என்று நிமிர்ந்துதான் போனேன். அதை விட்டால் எனக்கு வேறு வழியும் இல்லை.

லேப் அதிகாரி போர்டைக் காட்டி, தொட்டிக்குள் இரும்பும் ஆசிட்டும் சேரும்போது நடப்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னார். Fe + 2HCl → FeCl₂ என்று மடமடவென்று எழுதி, மார்க்கரை மூடி வைத்தேன்.

"இடது பக்கம் ரெண்டு ஹைட்ரஜன் இருக்கு. வலது பக்கம் எங்கம்மா?"

"அது குமிழியா வந்து பறந்து பூடும் சார்."

விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது. எங்கள் ரிஜிஸ்டரில் இறக்கிய குழாய் உண்டு, ஊற்றிய ஆசிட் உண்டு, பச்சையாகிப்போன கழிவும் உண்டு. குமிழிக்கு மட்டும் கட்டம் கிடையாது. அந்தப் பழக்கத்தில் எழுதித் தொலைத்தேன்.

"பறந்தாலும் எழுதணும்மா. ரெண்டு பக்கமும் சரியா வரணும்."

H₂ சேர்த்தேன். அவர் விடாமல், இரும்புக்குப் பதிலாக அலுமினியத்தை வைத்து எழுதச் சொன்னார். கோபம் வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும். ஓர் அலுமினியத்துக்குக் குளோரின் மூன்று, ஹைட்ரஜனோ இரண்டிரண்டாகத்தான் கிளம்பும், அப்படியானால் ஆறு. 2Al + 6HCl → 2AlCl₃ + 3H₂. அவர் வாயைத் திறப்பதற்குள் "சரிதானே சார்?" என்று நானே கேட்டேன். தலையாட்டினார்.

"நீ ஏதாவது கேக்கணுமாம்மா?"

வேலை கைக்கு வந்த மாதிரிதான். வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"அந்தக் குமிழி சும்மா போவல சார், ஆசிட்டையும் இஸ்துகினு மேல வருது. ஒம்போது வருசமா அது என் தொண்டைக்குள்ள போச்சு. அத எந்தப் பக்கம் எழுதறது?"

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திங்கட்கிழமையிலேர்ந்து லேபுக்கு வந்துடும்மா" என்றார்.

வந்துவிட்டேன். தொண்டையும் தேறி வருகிறது. என் கேள்விக்கு மட்டும் அவர் இன்னும் பதில் சொல்லவில்லை, நானும் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். தொட்டி ஓரம் இப்போது வேறொருத்தி நிற்கிறாள்.