ஆலைக் கதவுக்கு உள்ளே மட்டும்

முடிவெட்டுவது என்றால் பெரம்பலூருக்கு பஸ் ஏறுவது என்றுதான் நீ வெகுநாள் நினைத்திருந்தாய், மகனே. டவுனில் சலூன், அப்புறம் பேக்கரியில் ஒரு தேங்காய் பன். அப்பா ஆசையாகக் கூட்டிப் போகிறார் என்று அக்காவிடம் பெருமை பேசுவாய். நம் ஊரிலேயே பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு சலூன் இருந்தது உனக்குத் தெரியும். சுற்றுகிற நாற்காலிகூட அதில் இருந்தது. ஏன் அங்கே போகவில்லை என்று நீ கேட்டதில்லை. நம் காலனிப் பிள்ளைகள் யாரும் கேட்பதில்லை. எப்படித்தான் தெரிந்துகொள்கிறீர்களோ.

போன வாரம் அக்கா கல்லூரியிலிருந்து வந்து ஒன்று சொன்னாள். "எங்க மேடம் சொல்றாங்கப்பா, நம்ம பக்கமெல்லாம் சாதி பாக்குறது எப்பவோ போயிடுச்சாம். வடக்கதான் இன்னும் மோசமாம். நீ அங்க இருந்திருக்கல்ல, நெசமா?"

சோற்றில் கை வைத்திருந்தேன். சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். வாயால் சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். பத்தாவது வரை படித்தவன்தானே, எழுதினால் கொஞ்சம் நிதானமாகச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பேரும் படியுங்கள்.

கல்யாணமான புதிதில், தொண்ணூற்றேழு வாக்கில், மத்தியப் பிரதேசத்துக்கு ஒரு சிமெண்ட் ஆலை கட்டுகிற வேலைக்குப் போனேன். இரும்புத் தூண்களை நிறுத்திப் பற்றவைக்கிற கூட்டத்தில் எடுபிடி. போய்ச் சேர்ந்த வாரமே தலைமுடி காதை மூடிவிட்டது. ஆலைக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதில் ஆணியடித்துக் கண்ணாடி மாட்டி, கீழே நாற்காலி போட்டு ஒருவர் முடிவெட்டிக்கொண்டிருந்தார். நான் தள்ளி நின்று பார்த்தேன். அவர் நாற்காலியைத் துண்டால் தட்டி, "உக்காரு மதராசி" என்றார்.

நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்தேன். காலனியில் நாங்கள் ஒருவருக்கொருவர் வெட்டிக்கொண்டு வளர்ந்தவர்கள். நாலு பேர் பார்க்க ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவர் என் தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்புவது அதுதான் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் கன்னத்தில் சோப்பு நுரையைத் தடவிவிட்டு, சுற்றி நின்றவர்களைக் கூப்பிட்டார்.

"இங்க பாருங்கடா, தார் ரோட்டுல பால் கொட்டுன மாதிரி இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அன்றிலிருந்து அங்கே என் பெயர் 'காலியா'. கறுப்பன் என்று அர்த்தம். திரும்பி வரும்வரை என் சொந்தப் பெயரை அங்கே யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

ஒருவன் மட்டும் சொன்னான். அவனை உங்களுக்குத் தெரியும், சித்தப்பா என்பீர்களே, அவன்தான். ஆலைக்குப் பக்கத்து ஊர்க்காரன். என்னோடு அதே கூட்டத்தில் வேலை. வேலை செய்கிற இடத்தில் குடிதண்ணீர்ப் பானையும் அதன்மேல் ஒரு டம்ளரும் இருக்கும். நான் போய் மொண்டு குடிப்பேன். அவன் பானையைத் தொட மாட்டான். குனிந்து இரண்டு கையையும் சேர்த்து வாய்க்கு நேரே வைப்பான். யாராவது மனது வைத்து மேலிருந்து ஊற்றினால் உண்டு. ஏன் இப்படி என்று ஒரு நாள் கேட்டேன், அரைகுறை இந்தியில்.

"இவனுங்களுக்கு எங்கப்பன் யாரு, தாத்தன் யாருன்னு தெரியும். உன்னைய யாருக்குத் தெரியும்? நீ மதராசி. அதோட முடிஞ்சுது" என்றான்.

ஊரில் நான் யார் என்று அவனிடம் சொன்னேன். நம் ஊர் சலூனைப் பற்றியும் சொன்னேன். அவன் சிரித்தான் பாருங்கள், நிற்க முடியாமல் இரும்புக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெளிய சொல்லாத. நம்மள்ல ஒருத்தனாச்சும் டம்ளர்ல குடிக்கட்டும்" என்றான். அங்கே ஆரம்பித்தது எங்கள் சிநேகம்.

சில வருடம் கழித்து அரியலூர்ப் பக்கத்தில் நம் ஊருக்குக் கிட்ட ஓர் ஆலையைப் பெரிதாக்கினார்கள். எனக்கு அங்கே வேலை கிடைத்தது. காண்டிராக்டர் வடக்கேயிருந்து ஆள் இறக்கினார். அதில் அவனும் வந்தான். தங்க இடம் தேடினான். நம் காலனியில் யார் வீட்டிலும் இன்னொரு ஆள் படுக்க இடமில்லை. நம் ஊர்த்தெருவில், நீங்களோ நானோ செருப்போடு நடந்தால் முறைப்பார்களே அந்தத் தெருவில், மக்காச்சோளக் காடு நிறைய வைத்திருந்த ஒருவர் தன் வீட்டுப் பின்கட்டில் அவனுக்கு அறை விட்டார். என்ன ஆள் என்று கேட்கவில்லை. இந்திக்காரன், அவ்வளவுதான்.

அவனை அவர்கள் ஒன்றும் தலையில் வைத்துக் கொண்டாடவில்லை. "ஏய் பான்பராக்கு" என்பார்கள். அவன் தமிழ் பேசினால் அதையே திருப்பிப் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். ஊரில் கோழி காணாமல் போனால் முதலில் அவன் அறையைத்தான் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் அந்த சலூனில் சுற்றுகிற நாற்காலியில் உட்கார்ந்தான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான்.

இப்போது சிரிக்கிற முறை எனக்கு வந்தது. சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு சாயங்காலம் நம் வீட்டுக்கு வருவான். உங்கள் அம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்பைக் கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிடுவான். மகளே, நீ அவன் தோளைவிட்டு இறங்க மாட்டாய். அவன் காலனிக்கு வருவதை ஊர்த்தெருவில் பார்த்தார்கள்தான். வடக்கத்தியானுக்கு நம் ஊர் வழக்கம் என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்கள். விவரம் தெரிந்தால் அறை போய்விடும், அறை போனால் வேலையும் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

அவன் தங்கச்சிக்குக் கல்யாணம் வந்தது. ஊருக்குப் புறப்படுகிற அன்று சலூனுக்குள் போனான். அரியலூர் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட நான் கூட வந்தவன், பையை வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். உள்ளே பெஞ்சில் அவனுக்கு அறை விட்ட வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவன் நாற்காலியிலிருந்தே கூப்பிட்டான்.

"அண்ணே, வெயில்ல நிக்காத. உள்ள வா."

கடைக்காரன் கத்தரியை நிறுத்தவில்லை. என்னைவிட வயதில் சின்னவன். "அவன் வரமாட்டான். அவனுக்கே தெரியும்" என்றான்.

"ஏன்?"

"எனக்கு மட்டும் வேணாம்னா இருக்கு? அவன இதுல உக்கார வச்சா நாளைக்கு இவங்கல்லாம் யாரும் உக்கார மாட்டாங்க. நான் கடையச் சாத்திட்டுப் போவ வேண்டியதுதான்."

வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார். பாடம் நடத்துகிறவர்போல நிதானமாகச் சொன்னார். "அவன் காலனிக்காரன்ப்பா. ஒங்கூர்லயும் அந்த மாதிரி ஆளுங்க இருப்பானுங்கள்ல?"

அவன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். கழுத்தைச் சுற்றி வெள்ளைத்துணி. தலையில் பாதிதான் வெட்டியிருந்தது.

"இருக்காங்க."

"அவனுங்கள என்ன பண்ணுவீங்க?"

"தண்ணிப் பானையத் தொட விட மாட்டாங்க" என்றான்.

அவனுக்குத் தமிழ் வினைமுற்றுகள் சரியாக வராது என்று கிண்டல் செய்வார்கள். அன்று சரியாகத்தான் சொன்னான். விட மாட்டாங்க என்றான், விட மாட்டோம் என்று சொல்லவில்லை. வீட்டுக்காரர் அதைக் கவனிக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. கடைக்காரனைப் பார்த்து, "பாத்தியா, எல்லா எடத்துலயும் இருக்குறதுதான். நம்மள மட்டும் கொற சொல்லுவானுங்க" என்றார். பிறகு ஞாபகம் வந்தவர்போல அவனிடம் திரும்பினார்.

"நீங்க என்ன ஆளுப்பா? இத்தினி நாளு நான் கேக்கவே இல்லயே."

கத்தரி நின்றது. நான் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவன் என்ன சொன்னாலும் என் முகத்தை அவன் பார்க்கக் கூடாது என்று தோன்றியது.

"நெலம் வச்சிருக்க ஆளுங்க. கோதுமை" என்ற குரல் கேட்டது.

"அதான பாத்தேன். மொகத்துலயே தெரியுதே" என்றார் வீட்டுக்காரர். கடைக்காரன் அன்று அவனுக்குத் தலையைப் பிடித்துவிட்டதோடு வாசனைத் தண்ணீரும் தெளித்து அனுப்பினான்.

வெளியே வந்தவன் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். வீட்டுக்காரரும் கடை வாசலுக்கு வந்து நின்றார். அவன் ஒரு நிமிடம் தயங்கிவிட்டு, நடந்து போய் டீக்கடைப் பக்கம் நின்றான். நான் இந்தப் பக்கம் நின்றேன். பஸ் வந்தது. அவன் முன்படியில் ஏறினான், நான் பின்படியில் ஏறினேன். ஸ்டேஷனில் ரயில் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி ஏதோ பேசினோம். "போயிட்டு வரேண்ணே" என்றான்.

திரும்பி வந்தான். அதன் பிறகு இரண்டாயிரத்து ஏழில் வேலை முடியும்வரை நம் ஊரில்தான் இருந்தான். ஆலைக் கதவுக்கு உள்ளே நான் அண்ணன். ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டோம். சங்கு ஊதி வெளியே வந்தால் அவன் அந்த ஓரம், நான் இந்த ஓரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வரவில்லை. உங்கள் அம்மா கொஞ்ச நாள் ஒரு தட்டு கூடுதலாக எடுத்து வைத்தாள். பிறகு வைக்கவில்லை. நான் அவனை ஒன்றும் கேட்கவில்லை. நிலமுள்ளவன் காலனியில் சாப்பிடுவானா என்று ஊரில் யாராவது யோசித்தால் அவன் கதை முடிந்தது.

மகளே, உன் மேடத்திடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே மேலிருந்து ஊற்றினார்கள், இங்கே வாசலிலேயே நிறுத்தினார்கள். எது மோசம் என்று நிறுத்துப் பார்க்கத் தராசு என்னிடம் இல்லை. வடக்கு மோசம் என்று இங்கே சொல்கிறவர்களையும் கேட்டிருக்கிறேன். எல்லா இடத்திலும் இருக்கிறதுதானே என்று சொல்லிக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்தவரையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேச்சுமே சலூனுக்கு உள்ளே இருப்பவர்கள் பேசுவது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நீ இரண்டாவது படித்தபோது பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் அவன் வீட்டுக்காரரோடு நடந்து போவதைப் பார்த்தாய். "சித்தப்பா, சித்தப்பா" என்று பின்னால் ஓடினாய். அவன் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து, "சித்தப்பாவுக்கு என்னைய அடையாளம் தெரியலப்பா" என்றாய். வெயிலில் கண் கூசியிருக்கும் என்று சொன்னேன்.

அவனுக்கு நன்றாகவே அடையாளம் தெரிந்தது. மறுநாள் ஆலைக்குள் தகர மறைப்புக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "பாப்பா அழுதுச்சா?" என்று கேட்டான்.

இல்லை என்றேன். நீ சாப்பிடாமல் அழுதுகொண்டேதான் தூங்கினாய்.