சாமிக்குப் படைக்காத சாமை

“ஆகஸ்ட் 3, ஞாயிறு. பவித்ரா, ஏழாம் வகுப்பு, அரியூர் நாடு. பூட்டன் போராட்டக்காரர் ஒருவரை ஒளித்து வைத்தாராம். ஆதாரம் இல்லை.” இது என் நோட்டில் உள்ள குறிப்பு. மலேசியாவில், பேராக்கில் இருக்கும் உங்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். அங்கிருந்து நான் மருமகளாக வந்த இந்தக் கொல்லிமலையில் பழைய சம்பவத்துக்கு யாரும் தேதி சொல்வதில்லை. அப்போது காட்டில் எந்தத் தானியம் விளைந்து நின்றது என்றுதான் சொல்கிறார்கள்.

அன்று என் வீட்டு மாலை வகுப்பில் சுதந்திரப் போராட்டம் நடத்தினேன். “உங்க ஊருக்கு எப்பங்க டீச்சர் சுதந்திரம்?” என்றாள் பவித்ரா. 1957 ஆகஸ்ட் 31 என்றேன். விரல் விட்டு எண்ணினாள். “பத்து வருசம் பதினாறு நாள் லேட்டுங்களா? எங்க மலை பஸ்ஸ விட மோசமுங்க.” பிறகு, சுதந்திர தின மேடையில் பூட்டனைப் பற்றிப் பேச வேண்டும் என்றாள். போலீசுக்குத் தப்பி, நோட்டீசுக் கட்டோடு அடிவாரத்துப் புளியஞ்சோலை வழியாக மலையேறி வந்தவருக்குப் பூட்டன் மூன்று நாள் சோறு போட்டாராம்.

மறுநாள் அவள் அப்பா முத்துசாமி வந்தார். “வேண்டாமுங்க டீச்சர். ஊட்டுல வேற தானியம் இல்லீன்னு, சாமிக்குப் படைக்காத புதுச் சாமைய ஆக்கிப் போட்டுட்டாருங்க. அதுக்கு ஊரு எங்களத் தள்ளி வெச்சுது. ரெண்டு வருசம் கோயில் நோம்பிக்கே கூப்புடலீங்க. அதப் போயி மைக்குல சொல்லோணுங்களா?”

சிறுவயதில் நான் படித்த ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில், சரித்திரப் புத்தகத்தில் நம் லயத்துத் தொழிலாளர்கள் உண்டா என்று ஒருநாள் கேட்டேன். பரீட்சைக்கு வராததைக் கேட்காதே என்றார் ஆசிரியர். உட்கார்ந்துவிட்டேன். பவித்ராவை உட்கார வைக்க மாட்டேன்; சரிபார்க்காததைச் சரிபார்த்ததாகச் சொல்லவும் விடமாட்டேன். அவர்கள் வீட்டில் 1942 ஆகஸ்ட் என்கிறார்கள். சாமை ஆகஸ்டில் அறுவடைக்கு வராது. சாமை நிஜமென்றால் மாதம் தப்பு.

“ஊர் தள்ளி வைத்ததுதான் எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி. இப்படி ஒரு அவமானத்தை யாரும் இட்டுக்கட்ட மாட்டார்கள். அதை விட்டுவிட்டால் மிச்சம் வெறும் பெருமைதான்” என்றேன்.  “அப்ப முழுசாச் சொல்லட்டுங்க” என்று முத்துசாமி எழுந்தார்.

பதினைந்தாம் தேதி பவித்ரா பேசினாள்: “எங்க பூட்டன் சாமிக்கு முந்தி மனுசனுக்குச் சோறு போட்டாருங்க. ஊரு தள்ளி வெச்சுது. வந்தவரு பேரு தெரியலீங்க. டீச்சர் தேடறாங்க.”

முன்வரிசையில் இருந்த ஊர்ப் பெரியவர் தொண்டையைச் செருமினார். “தள்ளி வெச்சது நெசந்தான் கண்ணு. எங்கப்பன் சொல்லியிருக்காரு. வர்ற நோம்பிக்கு மொதப் படி சாமை உங்க ஊட்டுல இருந்து வரட்டும். நடுவழியில எவனுக்காச்சும் ஆக்கிப் போட்றாதீங்க.” கூட்டம் சிரித்தது. முத்துசாமியும் சிரித்தார்.

என் சுவர் நாட்காட்டியில் ஆகஸ்டில் இரண்டு சுதந்திர தினங்களுக்கு, 15க்கும் 31க்கும், வட்டம் போட்டிருக்கிறேன். இடையிலுள்ள பதினாறு நாளில் இருந்துதான் இதை எழுதுகிறேன். நோட்டில் புதிதாகச் சேர்த்தது: “ஊர் தள்ளி வைத்தது: இரண்டு வீட்டார் வாய்மொழி. வந்தவர் பெயர், ஆண்டு: இன்னும் சரிபார்க்கப்படவில்லை.”