தலை திறக்கும் அந்தோணியார்

"அந்தோணியாரே, என் வூட்டுக்காரரு குடிக்காம இருக்கணும். செவ்வாக்கெழம."

பழைய ஜெர்மன் அகராதியிலிருந்து நேற்று விழுந்த சீட்டில் இவ்வளவுதான் இருந்தது. கிழமை உண்டு, தேதியும் ஆண்டும் இல்லை. வேண்டுதல் எழுதுகிறவர்கள் தேதி தேடும் என்னைப் போன்றவர்களின் சிரமத்தை நினைத்துப் பார்ப்பதில்லை. மதுவிலக்கு நீங்கி 1971இல் மதுக்கடைகள் திறப்பதற்கு முந்தையது என்று மட்டும் சொல்ல முடியும்.

எழுதியவர் பிலோமினா அக்கா. ராயபுரத்தில் நான் ஒற்றை அறையில் இருந்தபோது பக்கத்து வீடு. அவர் கணவர் ஆரோக்கியம் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார்; நான் அங்கே இறங்கும் பெட்டிகளை எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தேன். ஜெர்மன் கப்பலொன்றின் சமையல்காரன் ஆரோக்கியத்துக்கு ஒரு பீங்கான் துறவியைப் பரிசளித்தான். தொந்தி, சிவந்த கன்னம், பழுப்பு அங்கி. கழுத்தில் வெள்ளீயக் கீல். தலையைச் சாய்த்தால் உள்ளே குழி. குழியில் அன்று பீர் இருந்தது. அதைக் காலி செய்த பிறகே ஆரோக்கியம் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

வாயில் வாடையோடு வாசலில் நிற்பவனுக்கு முதலில் தோன்றுவது பக்திதான். "அந்தோணியாரு. கப்பல்காரன் குட்த்தான்" என்றார். கையில் குழந்தை இயேசு எங்கே என்று அக்கா கேட்க, வரும் வழியில் உடைந்துவிட்டது என்றார். தலை ஏன் திறக்கிறது? வேண்டுதல் சீட்டுப் போட. அக்கா துறவியைப் பீடத்தில் ஏற்றினார், மெழுகுவத்தி வைத்தார், கணவரை அதன் முன்னாலேயே முட்டிபோட வைத்து, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் வாங்கினார்.

எனக்குச் சும்மா இருக்க வராது. துறவியின் அடியில் அச்சிட்டிருந்த ஜெர்மன் சொல்லுக்காகவே மூர் மார்க்கெட்டில் அகராதி வாங்கினேன். 'வடிவம் பாதுகாக்கப்பட்டது' என்று பொருள்; பிறர் நகலெடுக்காதபடி கடைச் சரக்கில் போடுவது. புனிதருக்கு அது தேவையில்லை. பிறகு படித்ததில் தெரிந்தது: பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மானியர்கள் துறவி, கன்னியாஸ்திரி, மண்டையோடு, முள்ளங்கி என்று அகப்பட்ட உருவத்திலெல்லாம் பீர்க் குவளை செய்திருக்கிறார்கள். மூடி வந்தது கொள்ளைநோய்க் காலத்து ஈக்களுக்குப் பயந்து போட்ட சட்டத்தால் என்கிறார்கள். அந்தச் சட்டத்தை எவரும் எடுத்துக் காட்டி நான் பார்க்கவில்லை.

ஈஸ்டர் முடிந்து வீடு மந்திரிக்கப் பங்குச் சாமியார் வருவதாக இருந்தது. அவர் ஐரோப்பாவில் படித்தவர். முந்தின நாள் ஆரோக்கியம் என் அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"வாத்யாரே, அவுரு பாத்தா சொல்லிடுவாரு. நாலு மாசமா நான் தொடல. அவ இனிமே அதையும் பொய்யின்னுவா."

குவளையை ஒளித்துவைக்கலாமே என்றேன். "அவ துணி போட்டு பூ வெச்சிகினு கீறா. எங்க ஒளிக்கிறது?"

மறுநாள் நானும் போய் நின்றேன். துறவியின் முதுகிலிருந்த கைப்பிடி சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. சாமியார் அதைத் தேடாமலே பிடித்தார், பழகிய கை. கட்டைவிரலால் தலையைத் திறந்தார். உள்ளே கழுத்துவரை சீட்டுகள். ஒன்றைப் பிரித்துப் படித்தார். ஆரோக்கியம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமியார் தலையை மூடி, தீர்த்தம் தெளித்து, கைப்பிடியை மறுபடி சுவர்ப்பக்கமே திருப்பி வைத்தார்.

"ஆரோக்கியம், இவருக்குக் குடுத்த வார்த்தைய மட்டும் மீறாத."

கடைகள் திறந்த வாரம் எங்கள் தெருவே அங்கே இருந்தது. ஆரோக்கியம் எதிர்ச்சாரியில் நடந்து போனார். சட்டம் அனுமதித்துவிட்டது, குவளை அனுமதிக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அந்த வரிசை வீடுகளை இடித்தார்கள். அவர்கள் மணலிப் பக்கம் போனார்கள். சாமான் ஏற்றும் நாளில் அக்கா சீட்டுகளை என் மடியில் கொட்டி எரிக்கச் சொன்னார். ஒன்றை மட்டும் எரிக்கவில்லை. அக்கா முந்தானையால் துறவியின் குழியைத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இதுல அர பாட்லு புடிக்கும் இல்ல, தம்பி?"

நான் எண்ணிக் குறிக்கும் உத்தியோகத்தில் இருந்தவன். அன்று வண்டியில் ஏறிய சாமான்களை எண்ணத் தொடங்கினேன்.

அந்த வீடு இல்லை, வின்ச்சும் இல்லை, அவர்கள் இருவரும் இல்லை. துறவி எங்கே போனார் என்று தெரியவில்லை. அக்காவுக்கு எப்போது தெரிந்தது, அந்த முதல் நாள் வாசலிலேயேவா என்பதை இதுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.