திருப்பி மாட்டாதவர்

குறையுள்ள பொருளை மறுபேச்சின்றி மாற்றித்தர வேண்டும் என்பது உத்தரவாதச் சீட்டின் விதி. எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த நர்ஸ் அதை அப்படியே நம்பினார். கொண்டையை இறக்கிக் கட்டிக்கொண்டு, சத்தம் வெளியே கசியும்படி பின்பக்கம் திறந்த புது ஹெட்போனைச் சோதித்தார். பாட்டு அருமை, பக்கத்தில் நின்ற எனக்கே மிருதங்கம் கேட்டது. கம்ப்யூட்டர் விளையாட்டில்தான், இடப்பக்கம் வரும் எதிரியின் காலடி வலக்காதில் விழுந்தது.

"திருப்பி மாட்டிக்கோம்மா" என்றார் கடைக்காரர்.

"தப்பு பண்ணது அவங்க. நான் இன்னாத்துக்கு சார் திருப்பி மாட்டிகினு ஆடணும்?" என்று என்னிடம் வந்தார்.

பிறர் மனுக்களைத் திருப்பியனுப்பியே ஓய்வுபெற்றவன் நான். அவருக்காக விதியைக் காட்டி கம்பெனிக்கு ஒரு மனு எழுதினேன். 'சத்தம் வெளியே கேட்பது குறையாகாது' என்று, கேட்காத கேள்விக்குப் பதில் வந்தது. மீண்டும் எழுதினேன். அவர் தினமும் விளையாடித் தோற்றார், திருப்பி மாட்டவேயில்லை. என் மாடியில் இப்படியொருவர் என்று எனக்குப் பெருமை.

புதியது அனுப்புகிறோம் என்ற பதில் வந்த நாள், ஆடிக் கிருத்திகை. "எல்லாம் முருகன் குடுத்தது சார்" என்றார், என் மனுக்களை மறந்து.