பை இழுத்தவனும் தாய்ச்சி கற்றவரும்

ஜெராக்ஸ் கடைக்காரர் விரலைக்கூட அசைக்காமல் ஒரு திருடனை வீழ்த்தினாராம். தெருவெல்லாம் இதே பேச்சு. விசாரித்துப் பார்த்தால் வீரம் சற்றுச் சுருங்குகிறது. மனைவியின் இதய மாத்திரைகளோடு இவர் கொண்டுபோன பையைத் திருடன் வெடுக்கென்று இழுத்திருக்கிறான். மற்றவர்கள் என்றால் எதிர்த்து இழுத்திருப்பார்கள். இவர் பூங்காவில் தாய்ச்சி என்ற சீனத் தற்காப்புக் கலை கற்பவர். எதிர்க்காதே, இழுக்கும் பக்கமே போ என்பது பாடம். பையை விடாமல் போனார். பலமாக இழுத்த திருடன் மல்லாந்தான். இவரும் அவன்மேலேயே விழுந்தார்.

"போறதுக்குச் சொல்லிக் குடுத்தாங்க, நிக்கறதுக்குச் சொல்லித் தரலையாங்க?" என்றாள் மனைவி, மாத்திரையை விழுங்கிவிட்டு.

"அது அடுத்த மாசப் பாடம்."

விழுந்த இடத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டு எழ முடியாதவரைத் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் திருடன் வெறுங்கையோடு ஓடினான். அவனுக்கு ஒரு நன்றி இன்னும் பாக்கி.